லோகோ மறைத்த தரை

ரயில் நிலையம் ஒன்றின் மெய்நிகர் உலா (திரையிலேயே உள்ளே நடந்து சுற்றிப் பார்க்கும்படி கோத்த 360 பாகைப் படங்கள்) என்று யாராவது இணைப்பு அனுப்பினால், திறந்ததும் முதலில் காலடியைப் பாருங்கள். படத்தை விரலால் மேல்நோக்கித் தள்ளினால் பார்வை தரைக்கு இறங்கும். பெரும்பாலும் அங்கே தரை இருக்காது, வட்டமாக ஒரு லோகோ ஒட்டியிருக்கும். கேமரா நின்ற முக்காலியை மறைக்க எல்லோரும் செய்கிற வேலைதான் இது. ஓட்டல் அறைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் எடுக்கிற உலாவில் அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்காகச் செய்தோம் என்று சொல்லும் உலாவிலும் அதே லோகோ அதே இடத்தில் உட்கார்ந்திருப்பதுதான் உறுத்துகிறது. லிஃப்ட் வாசலில் முக்காலி நிற்கும் இடத்தில்தான் லிஃப்டின் தளத்துக்கும் மாடித் தரைக்கும் நடுவே அந்த இடுக்கு இருக்கிறது. சக்கர நாற்காலியின் முன் சின்னச் சக்கரம் மாட்டிக்கொள்வது அங்கேதான். பார்க்க வந்தவர் எதைப் பார்க்க வந்தாரோ, சரியாக அதன்மேல் முத்திரை குத்தியாயிற்று.

“சாய்தளம் கட்ட மனசில்லை, படம் காட்ட வந்துவிட்டார்கள்” என்று இதைப் பற்றி ஒரு கோபமான வாதம் உண்டு. அதில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் போக்குவரத்து நிலையங்களை அணுகத்தக்கதாக ஆக்கச் சொல்கிறது, அவற்றின் படத்தைப் போடச் சொல்லவில்லை. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்திருக்க முடியாது, கட்டாய விதிகளாக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஆகவே உலா எதற்கும் மாற்று இல்லை. ஆனால் கட்டி முடித்த வசதியையே கண்டுபிடிக்க முடியாமல் ஜனங்கள் திண்டாடுகிற இடங்கள் இருக்கின்றன. அங்கே இந்தப் படங்களுக்கு வேலை உண்டு. சென்னையில் அப்படி ஓர் இடத்தைக் காட்டச் சொன்னால் யாரும் யோசிக்க வேண்டியதே இல்லை.

ஒரே இடம், ஐந்து ஸ்டேஷன்

சென்ட்ரல் என்று நாம் ஒற்றைச் சொல்லில் சொல்லிவிடுகிற இடத்தில் ஐந்து நிலையங்கள் இருக்கின்றன. வெளியூர் வண்டிகளுக்கான பெரிய நிலையம். பக்கத்திலேயே அரக்கோணம், கும்மிடிப்பூண்டி மார்க்கத்துப் புறநகர் வண்டிகளுக்கு மூர் மார்க்கெட் வளாகம். பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் கடற்கரை–தாம்பரம் வண்டிகளுக்கு பார்க். வேளச்சேரி பறக்கும் ரயிலுக்கு பார்க் டவுன். இவற்றுக்கெல்லாம் அடியில், 2018 மே மாதம் திறந்த சென்ட்ரல் மெட்ரோ, 2019 பிப்ரவரியிலிருந்து இரண்டு தடங்களும் சந்திக்கும் இடமாக. பார்க் பக்கம்தான் ஜி.எச். ஜோலார்பேட்டையிலிருந்தோ திருத்தணியிலிருந்தோ வருகிறவர்களில் எத்தனையோ பேர் போகிற இடம் அதுதான், அதுவும் காலில் கட்டோடு, கைத்தாங்கலாக.

இதில் வேடிக்கை என்னவென்றால், சென்ட்ரலின் பழைய பகுதி சக்கர நாற்காலிக்கு அவ்வளவு மோசமில்லை. தடங்கள் அங்கேயே முடிகிற முனைய நிலையம் என்பதால், பிளாட்பாரங்கள் எல்லாம் ஒரே முன்கூடத்தில் வந்து சேர்கின்றன. எந்தப் பிளாட்பாரத்துக்கும் படி ஏறி இறங்க வேண்டியதில்லை. 1873-இல் கட்டியவர்கள் இதை நினைத்துக் கட்டவில்லை, தானாக அமைந்தது. வண்டிகள் கடந்து போகிற நிலையங்களில்தான் நடைமேம்பாலம் வந்துவிடுகிறது, பார்க்கில் இருப்பதுபோல. ஆக சிக்கல் பிளாட்பாரத்தில் இல்லை. ஒரு நிலையத்திலிருந்து இன்னொன்றுக்குச் சாலையைத் தாண்டிப் போவதில் இருக்கிறது. எந்த வாசலில் லிஃப்ட், எதில் எஸ்கலேட்டர் மட்டும், எதில் வெறும் படி என்பது வெளியில் நின்று பார்த்தால் தெரியாது. தப்பான வாசலில் இறங்கிவிட்டால் நடக்கிறவருக்கு இரண்டு நிமிடம் வீண். சக்கர நாற்காலியில் வந்தவர் திரும்பிப் போய்ச் சாலையின் கூட்டத்துக்குள் மறுபடி சுற்றி வர வேண்டும்.

வீட்டில் உட்கார்ந்து இதை முன்கூட்டியே பார்த்துவிட்டுக் கிளம்ப முடிந்தால் நல்லது. கூகுள் ஸ்ட்ரீட் வியூ 2022 ஜூலையில் மறுபடி இந்தியாவுக்கு வந்தபோது முதல் பத்து நகரங்களில் சென்னையும் இருந்தது. ஆனால் கார் மேல் வைத்த கேமரா சாலையோடு நின்றுவிடும், சுரங்கப்பாதைக்குள் இறங்காது. உள்ளே இருப்பதை நிலையம் நடத்துகிறவர்கள்தான் எடுக்க வேண்டும், இல்லையென்றால் எடுக்கிறவர்களுக்கு எழுத்து மூலம் அனுமதி தர வேண்டும். அனுமதி இல்லாமல் முக்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனால் முதல் படத்துக்கு முன்பே காவலர் வந்துவிடுவார்.

110 சென்டிமீட்டர்

ஆறாயிரம் பிக்சல் அகலத்துக்கு மேல் படம் தரும் 360 பாகைக் கேமரா எதுவானாலும் போதும். ரிக்கோ தீட்டா இசட்1 6720-க்கு 3360 தருகிறது, சுவரில் உள்ள பலகையைப் பெரிதாக்கிப் படிக்க அது சரியாக இருக்கும். கேமரா விலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் முக்காலியின் உயரத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. காரியம் அதில்தான் கிடக்கிறது.

வழக்கமாக எல்லோரும் 160 சென்டிமீட்டரில் வைப்பார்கள், நிற்கிறவரின் கண்மட்டம். சக்கர நாற்காலியில் இருப்பவரின் கண்மட்டம் ஏறத்தாழ 110 முதல் 120. ஒரே டிக்கெட் கவுன்டருக்கு முன்னால், முக்காலியை நகர்த்தாமல், இரண்டு உயரத்திலும் ஒவ்வொரு படம் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 160-இல் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் முகம், பணம் தள்ளும் குழி, கட்டணம் காட்டும் சின்னத் திரை எல்லாம் தெரியும். 110-இல் கவுன்டர் பலகையின் விளிம்பு பாதிப் படத்தை அடைத்துக்கொள்ளும். குழி தெரியாது. உள்ளே இருப்பவரின் நெற்றி மட்டும் தெரியலாம். டிக்கெட் இயந்திரத்தின் தொடுதிரையில் மேல் விளக்கின் வெளிச்சம் பட்டு வெள்ளைப் பட்டையாகக் கிடக்கும், நிற்கிறவர் கண்ணுக்குப் படாத கோணத்தில். வழிகாட்டிப் பலகைகள் மேலே தெரியும், ஆனால் கூட்ட நேரத்தில் முன்னால் நிற்பவர்களின் முதுகு அவற்றை மறைத்துவிடும்.

இந்த இரண்டு படங்களையும் பார்த்த பிறகு உலாவைப் பற்றிய எண்ணமே திரும்பிவிடுகிறது. அதுவரை அது பயணிக்கு வழி சொல்லும் கருவி. 110-இல் எடுத்ததும் கட்டிடத்தின் மேல் ஒரு சாட்சியமாகவும் ஆகிவிடுகிறது. பொறியாளரிடம் “கவுன்டர் உயரம் அதிகம்” என்று எழுதிக் கொடுத்தால் கோப்பில் போய்ப் படுத்துக்கொள்ளும். அந்த நெற்றி மட்டும் தெரிகிற படத்தைக் காட்டினால் அவரால் மறுக்க முடியாது. முன்னே சொன்ன கோபக்காரர்களுக்கும் இந்தப் படம் உதவும் என்பது எனக்கு மெல்லத்தான் பிடிபட்டது. ஆகவே என் கட்சி இது: முழு உலாவையும் 110–120-இல் எடுங்கள். நிற்கிறவருக்கு அதனால் பெரிய இழப்பில்லை. 160 வேண்டும் என்று அடம்பிடித்தால் கவுன்டர், கேட், லிஃப்ட், கழிவறை ஆகிய இடங்களிலாவது இரண்டு உயரத்திலும் எடுங்கள்.

எத்தனை படம் என்பதற்குக் கணக்கு எளிது. வழி பிரிகிற ஒவ்வோர் இடத்திலும் ஒன்று. ஒவ்வொரு கதவுக்கும் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. நேரான தாழ்வாரத்தில் ஐந்து மீட்டருக்கு ஒன்று. ஒரு வாசலிலிருந்து பிளாட்பாரம் வரை இருபது முப்பது காட்சிகளுக்குள் அடங்கிவிடும். எல்.இ.டி. விளக்குகளுக்குக் கீழே ஷட்டரை 1/50 அல்லது 1/100 வினாடியில் பூட்டாவிட்டால், நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் படம் முழுக்கக் கருப்புப் பட்டை விழும். லிஃப்டுக்குள் இன்னொரு வம்பு உண்டு. இந்தக் கேமராக்களுக்கு முன்னும் பின்னும் இரண்டு லென்ஸ், இரண்டு படங்களையும் தைக்கும் கோடு பக்கவாட்டில் விழும். ஒரு மீட்டருக்குள் இருக்கும் பொருள் அந்தக் கோட்டில் அகப்பட்டால் பிளந்து தெரியும். லிஃப்டில் எல்லாமே ஒரு மீட்டருக்குள்தான். அதனால் ஒரு லென்ஸ் நேராகப் பொத்தான் பலகையைப் பார்க்கும்படி திருப்பி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பிரெயில் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பார்க்க வந்தவருக்கு இரண்டாக மடங்கிய பொத்தான்தான் கிடைக்கும்.

அப்புறம் அந்தத் தரை. லோகோவை எடுத்துவிட்டு, முக்காலியை நகர்த்தி, கீழ்நோக்கி ஒரு சாதாரணப் படம் எடுத்து அந்த வட்டத்தில் பொருத்தலாம். இடுக்கு, வாசல் விளிம்பு, சாய்தளம் தொடங்கும் இடம் ஆகியவற்றுக்கு அதுகூடப் போதாது. இடுக்கின் மேல் இரும்பு அளவுகோலை வைத்து நேர் மேலிருந்து எடுத்த தனிப் படம் வேண்டும், எண் தெரிய. பிளாட்பாரத்துக்கும் வண்டிக்கும் நடுவே உள்ள இடைவெளிக்கு இது கட்டாயம். மெட்ரோவில் பெட்டியின் தரையும் பிளாட்பாரமும் ஏறக்குறைய ஒரே மட்டம். ரயில்வேயின் உயரமான பிளாட்பாரம் என்பதே தண்டவாளத்திலிருந்து 76 முதல் 84 சென்டிமீட்டர், பெட்டியின் தரை அதற்கும் மேலே இருக்கிறது. “நிலையம் முழுவதும் படியில்லா வழி” என்று பலகை வைத்துவிட்டு இந்த உயரத்தைச் சொல்லாமல் விடுவது பாதி உண்மைதான்.

படம் சொல்லும் பொய்கள்

அகலக் கோணப் படம் எதையும் பெரிதாகக் காட்டும், வீட்டு மனை விற்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். முக்கால் மீட்டர் இடுக்குப் பாதை 360 பாகைப் படத்தில் தாராளமான தாழ்வாரமாகத் தெரியும். சரிவு விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். கேமராவுக்குள் இருக்கும் கைரோ என்ற சாய்வுணர் கருவி அடிவானத்தைத் தானாகவே நேராக்கிவிடும். 12-க்கு 1 சரிவும் (12 அடி நீளத்தில் 1 அடி ஏறுவது) 8-க்கு 1 சரிவும் படத்தில் ஒன்று போலத்தான் இருக்கும். முன்னதில் ஒருவர் தானே தள்ளிக்கொண்டு ஏறலாம். பின்னதில் பின்னாலிருந்து ஆள் தள்ளினாலும் மூச்சு வாங்கும், இறங்கும்போது கை வழுக்கும். ஆகவே ஒவ்வொரு சாய்தளத்திலும் கைப்பேசியின் சாய்வுமானியைத் தரையில் வைத்துப் பாகையை எழுதிக்கொள்ள வேண்டும். 4.8 பாகை என்றால் 12-க்கு 1, 5.7 என்றால் 10-க்கு 1, 7.1 என்றால் 8-க்கு 1. மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும், கடைசி ஒரு மீட்டர் செங்குத்தாக இருப்பது கொத்தனார் வேலையில் சகஜம். 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு 180 சென்டிமீட்டர் சாய்தளம் வேண்டும் என்ற கணக்கு தெரிந்திருந்தால், கடை வாசல் மாதிரி ஒட்டிவைத்த சிமென்ட் முக்கோணங்களைப் பார்த்ததுமே சந்தேகம் வந்துவிடும்.

கதவின் அகலம் 90 சென்டிமீட்டர் இருக்கிறதா, திரும்புவதற்கு 150 சென்டிமீட்டர் வட்டம் இருக்கிறதா, இந்த எண்கள் எல்லாம் படத்தின் மேலேயே, அந்த இடத்திலேயே எழுத்தாக நிற்க வேண்டும். “அகலமான வாசல்” என்று எழுதுவதில் பயனில்லை. பேட்டரி நாற்காலி வைத்திருப்பவருக்குத் தன் நாற்காலியின் அகலம் தெரியும், அவருக்கு வேண்டியது எண் மட்டும்தான்.

தூரமும் அப்படித்தான். விரைவு ரயிலில் மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டி பெரும்பாலும் வண்டியின் ஏதாவது ஒரு கோடியில் இருக்கும். பெட்டிக்கு 24 மீட்டர் என்று வைத்தால் 22 பெட்டி வண்டி அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளம். லிஃப்டும் கழிவறையும் எங்கே, அந்தப் பெட்டி எங்கே வந்து நிற்கும், நடுவே எத்தனை மீட்டர் என்பதை உலா சொல்லவில்லையென்றால், முன்கூடத்தை எவ்வளவு அழகாகக் காட்டினாலும் பயணி கடைசியில் ஓடத்தான் வேண்டும்.

பார்க்க முடியாதவருக்கு என்ன உலா?

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் ஓர் உலாவையும் வெளியிடக் கூடாது. பனெல்லம் போன்ற கட்டற்ற மென்பொருளில் இருபது காட்சிகளைக் கோத்து ஓர் உலா செய்ய ஒருநாள் போதும். ஆனால் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடருக்கு அந்த முழு உலாவும் ஒரு வெற்றுப் பெட்டி. உள்ளே போனால் வெளியே வர முடியாமல் டேப் விசை சிக்கிக்கொள்கிற உலாக்களும் உண்டு. அம்புக் குறிகளுக்கு ஒரே மாதிரி “இங்கே அழுத்தவும்” என்று பெயர் வைத்தால் கேட்கிறவருக்கு முப்பது “இங்கே அழுத்தவும்” கிடைக்கும். “லிஃப்ட் வாசலுக்கு, 12 மீட்டர்” என்று வைக்க வேண்டும். டபிள்யூசிஏஜி 2.2 என்ற இணைய அணுகல் வழிகாட்டி கேட்பது குறைந்தது 24-க்கு 24 பிக்சல் பொத்தான், கை நடுங்குகிறவருக்கு 44 இருந்தால்தான் சரி. தானாகச் சுற்றும் படத்தை நிறுத்தியே வைக்க வேண்டும். தலைசுற்றல் உள்ளவருக்கும், மன இறுக்கம் (ஆட்டிசம்) உள்ள பிள்ளைகளுக்கும் அது வேதனை. அந்தப் பிள்ளைகளுக்கு இந்த உலாவால் உண்மையான லாபம் உண்டு, புது இடத்தை நாலு தடவை வீட்டில் பார்த்துவிட்டுப் போனால் பதற்றம் குறையும். கேட்டின் கதவு படீரென்று மூடுவதற்குப் பத்து வினாடி வீடியோ ஒன்று, ஒலி அணைத்த நிலையில், விருப்பப்பட்டால் மட்டும் கேட்கும்படி.

பார்வையற்றவருக்கு வேண்டியது எழுத்தில் வழி. படத்துக்கு அடிக்குறிப்பாக இல்லாமல், முதலில் எழுத வேண்டியதே அதுதான், படம் அதற்குப் பின்னால் வரட்டும். மாதிரிக்கு இப்படி (கோடு போட்ட ஓடு நேரே போகச் சொல்வது, புள்ளி ஓடு நிற்கச் சொல்வது): “வாசலில் நுழைந்ததும் காலடியில் கோடு போட்ட ஓடு தொடங்கும். அதன்மேலேயே 15 மீட்டர் நேராக. வலப்பக்கம் எஸ்கலேட்டர் சத்தம் கேட்கும், அதைத் தாண்டவும். புள்ளி ஓடு வந்ததும் நிற்கவும். இடக்கைப் பக்கம் லிஃப்ட். பொத்தான் பலகை கதவுக்கு வலப்புறம்.” எத்தனை தப்படி என்று எழுதக் கூடாது, ஆளுக்கு ஆள் தப்படி மாறும். மீட்டரும், கடந்து போகும் திறப்புகளின் எண்ணிக்கையும் போதும். லண்டன் பிம்லிக்கோ சுரங்க ரயில் நிலையத்தில் 2015-இல் வேஃபைண்டர் குழு, பார்வையற்றவர்கள் கைப்பேசியில் கேட்கும் குரலைப் பின்பற்றி நடப்பதைச் சோதித்துப் பார்த்தது. பின்னால் அது ஐடியு-டி எஃப்.921 என்ற பன்னாட்டுத் தரமாகவும் ஆனது. நமக்கு முதல் படியாக அந்த அளவுக்குக் கருவிகூட வேண்டாம், ஒரு பக்கம் சுத்தமான தமிழ் எழுத்து போதும். வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், சிக்னல் இல்லாத சுரங்கத்திலும் படிக்கலாம், டேட்டா தீராது. எட்டாயிரம் பிக்சல் படம் ஒன்றே பல எம்.பி. வரும். அதைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, முதலில் நூறு கே.பி. மங்கல் படம் வரும்படி வைக்காவிட்டால் பழைய போனில் உலா திறக்கவே திறக்காது.

எழுத்தில் வழி தயாராகிவிட்டால் இன்னொன்றும் சுலபமாகிறது. ஜி.டி.எஃப்.எஸ். என்ற போக்குவரத்துத் தரவு வடிவத்தில் pathways என்று, நம் மொழியில் சொன்னால் ‘வழிகள்’ என்று, ஒரு கோப்பு உண்டு. இந்த இடத்திலிருந்து அந்த இடத்துக்கு நடைபாதையா, படியா, எஸ்கலேட்டரா, லிஃப்டா, படி என்றால் எத்தனை, சரிவு எவ்வளவு, குறைந்த அகலம் எவ்வளவு என்று அதில் நிரப்பலாம். உலாவுக்காக அளந்த அதே எண்கள்தான். நிரப்பிவிட்டால் எந்தச் செயலியும் படியில்லாத வழியைத் தானே கண்டுபிடித்துச் சொல்லும்.

தேதி

பழைய படம் இல்லாத படத்தைவிட ஆபத்து. 2023 ஆகஸ்டிலிருந்து ஓராண்டுக்கும் மேலாகக் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே பறக்கும் ரயில் ஓடவில்லை, நடுவிலிருக்கும் பார்க் டவுனுக்கு வண்டியே இல்லை. அதற்கு ஒரு மாதம் முன்பு எடுத்த உலா இருந்திருந்தால், அதை நம்பிப் போனவர் மூடிய நிலையத்தின் முன் நின்றிருப்பார். இப்போது 118.9 கிலோமீட்டர் இரண்டாம் கட்ட மெட்ரோ வேலையில், நேற்றிருந்த நடைபாதை இன்று தகரத் தடுப்புக்குப் பின்னால் போய்விடுகிறது. அதனால் ஒவ்வொரு காட்சியின் மூலையிலும் எடுத்த தேதி இருக்க வேண்டும், உலா முழுவதற்கும் ஒரே தேதி போதாது. ஒரு வாசலை மாற்றினால் அந்த நாலு காட்சிகளை மட்டும் மறுபடி எடுத்து மாற்றும்படி கோப்புகளுக்குப் பெயர் வைத்திருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் பென்டிரைவில் முடிந்த வேலையாகக் கொடுத்துவிட்டுப் போகும் உலாக்கள் ஆறு மாதத்தில் செத்துவிடுவது இதனால்தான். மூலப் படங்களும் அளவுப் பட்டியலும் நிலையத்தின் கையில் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதாவிட்டால், ஒரு பலகை மாறியதற்குப் புது டெண்டர் விட வேண்டியிருக்கும்.

லிஃப்டுக்குத் தேதிகூடப் பத்தாது, இந்த நிமிடம் ஓடுகிறதா என்பதுதான் கேள்வி. ஜெர்மனியில் டாய்ச்ச பான் தன் நிலையங்களின் லிஃப்ட், எஸ்கலேட்டர் நிலவரத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்த தரவாகத் தருகிறது. அவ்வளவு தூரம் போக முடியாவிட்டாலும், உலாவில் லிஃப்ட் வாசல் காட்சியில் ஓர் அம்பு கூடுதலாக வைக்கலாம்: “லிஃப்ட் ஓடாவிட்டால்.” அதை அழுத்தினால் அடுத்த படியில்லா வாசல் எது, அதற்கு எத்தனை மீட்டர், எந்தப் பக்கமாகச் சாலையைக் கடப்பது, நிலைய அலுவலரை எந்த எண்ணில் கூப்பிடுவது என்பது வரட்டும். அந்த எண்ணை மாதம் ஒரு தடவை யாராவது கூப்பிட்டுப் பார்க்கட்டும், எடுக்கிறார்களா என்று.